தானாக அடித்த மேளம்

கோயில் மணி கேட்டால் மற்றவர்களுக்குக் கை தானாகக் கன்னத்துக்குப் போகும். விக்னேஸ்வரனுக்குக் காதுமடல் சூடாகும். ஈப்போவில், புந்தோங் பக்கம், அவன் கடைக்கு எதிர்ச்சாரியிலேயே ஒரு சின்னப் பிள்ளையார் கோயில் இருக்கிறது. சாயங்கால பூசைக்கு மணி அடிக்க ஆரம்பித்தால் போதும், மனுஷன் ரேடியோவைத் திருகிச் சத்தத்தைக் கூட்டிவிடுவான். மனைவி பிரமிளா காரணம் தெரிந்தவள், ஒன்றும் கேட்கமாட்டாள். இத்தனைக்கும் பேராக் மாநிலத்தில் எத்தனையோ தோட்டக் கோயில்களில் மணியும் மேளமும் அடிக்கிற மெஷின் அவன் கையால் ஆனதுதான். சொந்தக் கைவேலையின் சத்தத்துக்கே ஓடி ஒளிகிற ஆளை எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா?

வெட்கம் ஐயா, வெட்கம். வேறொன்றும் இல்லை.

இப்போது அவன் கடையில் மெஷினுக்கு ஒரு சர்க்யூட் போர்டு தயாரானால் அது லேசில் வெளியே போகாது. பழைய ஐஸ் பெட்டியிலிருந்து கழற்றிய கம்ப்ரஸரையும், சுவரில் துளை போடும் மெஷினையும் அதே கரண்டு லைனில் மாட்டுவான். ஓட்டுவான், நிறுத்துவான், மறுபடி ஓட்டுவான். போர்டு ஒரு தடவை கண் சிமிட்டினாலும் பிரித்துப் போட்டு மறுபடி முதலிலிருந்து வேலை. கடையில் கூட வேலை செய்யும் தனேஷ், "அண்ணே, போதும்லா, பாவம்லா அது" என்பான். விக்னேஸ்வரன் விடமாட்டான். அந்தப் புத்தி அன்றைக்கு எங்கே மேயப் போயிருந்தது என்பதுதான் இந்தக் கதை.

ஆள் எட்டாங்கட்டைத் தோட்டத்தில் பிறந்தவன். கோலா கங்சார் போகிற பழைய சாலையில் இருக்கிறது அந்த இடம். ரப்பர் மரங்களை வெட்டிச் செம்பனை வைத்து, தொழிலாளிகள் வரிசையாகக் குடியிருந்த லயத்து வீடுகளை இடித்து, ஆட்களைச் சாலையோரத்து வரிசை வீடுகளுக்குக் குடியேற்றியபோது அவனுக்கு மீசை அரும்பவில்லை. பாலிடெக்னிக் முடித்துப் பினாங்கு போனான். அங்கே ஒரு தொழிற்சாலையில் சர்க்யூட் போர்டுகளைச் சோதிக்கிற வேலை. சோதிப்பது என்றால் விளக்கு எரிகிறதா என்று எட்டிப்பார்ப்பது இல்லை. வேண்டுமென்றே கரண்டில் அதிர்ச்சியைக் கிளப்பி, அதிலே போர்டு தடுமாறி, செய்த வேலையை மறந்து, மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறதா என்று பார்ப்பது. அந்தத் தடுமாற்றத்துக்கு அங்கே ரீசெட் என்று பெயர். வருஷக்கணக்காக அதையே பிடித்து அதையே தடுத்தவன் அவன். ஆகையால் பின்னால் நடந்ததற்கு, 'எனக்குத் தெரியாதுங்க' என்று சொல்லித் தப்பிக்க அவனுக்கு வழியே கிடையாது. இதை இப்போதே மனதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பினாங்கு சலித்துப்போய் ஈப்போவில் கடை போட்டவன், எட்டாங்கட்டை மாரியம்மன் கோயிலுக்கு ஒரு மேள மெஷின் செய்து கொடுக்க ஒப்புக்கொண்டான். மோட்டார் சுற்றும், அதில் மாட்டிய குச்சி மேளத்தில் அடிக்கும், கம்பி மணியை ஆட்டும். அந்த மாதிரி மெஷின் எல்லாக் கோயிலிலும் உண்டு, சுவிட்ச் போட்டால் அடிக்கும். விக்னேஸ்வரன் அதற்கு ஒரு மூளை வைத்தான். மைக்ரோகண்ட்ரோலர் என்கிற சிப், நகத்தளவு. காலை பூசை, மாலை பூசை, வெள்ளிக்கிழமை என்று அதுவே நேரம் பார்த்து மோட்டாரை ஓட்டும், நிறுத்தும்.

சொந்த ஊர்க் கோயில் இல்லையா, அழகு பார்த்துச் செய்தான். பெட்டிக்குள் ஓடிய ஒயர்களையெல்லாம் ஒன்றாகச் சேர்த்துச் சடை பின்னிய மாதிரி கட்டினான். மூடியைத் திறந்து பார்த்தவர்களெல்லாம் "கட்டுனா இப்புடிக் கட்டணும்" என்றார்கள். மோட்டாருக்குப் போகிற முரட்டு ஒயரும், சிப்புக்குப் போகிற பூஞ்சை ஒயரும் ஒரே சடையில் இருக்கக் கூடாது என்று அவனுக்குத் தெரியாதா? தெரியும். திருவிழா நெருங்கிவிட்டது, பார்க்க நன்றாக இருக்கிறது, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டான்.

இன்னொன்றும் செய்தான். நம் ஆட்கள் பிள்ளையார் சுழி போடாமல் மளிகைச் சாமான்கூட எழுதமாட்டார்கள். விக்னேஸ்வரன் புரோகிராமுக்கே பிள்ளையார் சுழி போட்டான்! மெஷினுக்கு உயிர் வந்ததும் முதல் காரியமாக மூன்று முறை மணி, பிறகு கொஞ்ச நேரம் மேளம். அதற்கப்புறம்தான் நேரம் பார்க்கிற வேலையெல்லாம். திறப்பு விழாவில் கோயில் தலைவர் ராஜு சுவிட்சைப் போட்டதும் டங் டங் டங் என்று மணி அடித்து மேளம் முழங்க, கூட்டம் 'தாயே' என்று கையெடுத்தது. விக்னேஸ்வரனுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று.

கோயிலைத் திறந்து, கூட்டி, விளக்கேற்றிப் பூட்டுகிற ஆள் சன்னாசி. முன்பு செம்பனைக் குலை ஏற்றுகிற லாரி ஓட்டியவர். உறவுமுறை ஒன்றும் கிடையாது, ஆனாலும் விக்னேஸ்வரனுக்கு அவர் சின்ன வயதிலிருந்தே மாமா. மெஷின் பெட்டியில் இரண்டு பட்டன். பச்சையை அமுக்கினால் உடனே அடிக்கும். சிவப்பை அமுக்கினால் சிவப்பு விளக்கு எரியும்; அது எரிந்துகொண்டிருக்கும் வரை மெஷின் வாயைத் திறக்காது. அதற்கு 'தீட்டு பட்டன்' என்று சன்னாசிதான் பெயர் வைத்தார். அந்த வரிசை வீடுகளில் யாராவது தவறிவிட்டால், பிரேதம் எடுக்கிற வரை கோயில் கதவு சாத்தியிருக்கும், மணி அடிக்காது. தோட்டக் காலத்திலிருந்து அப்படித்தான்.

மெஷின் வந்த சில மாதத்தில், ஆடி வெள்ளி அன்று, கோயில் மண்டபத்தில் காத்தாடி மாட்ட யாரோ சுவரில் துளை போட்டுக்கொண்டிருந்தார்கள். பூசைக்கு இன்னும் நேரம் இருந்தது. யாரும் பச்சைப் பட்டனைத் தொடவில்லை. திடீரென்று மணி மூன்று முறை அடித்து, மேளம் முழங்கியது. கூட்டம் "அம்மா வந்துட்டா!" என்று கூவியது. கூட்டத்திலிருந்த குமுதா அக்காவுக்கு அருள் வந்துவிட்டது. ஒருவர் மெஷினுக்கே கற்பூரம் காட்டினார்.

விக்னேஸ்வரனுக்கு மட்டும் அது என்னவென்று அந்தக் கணமே தெரிந்துவிட்டது. துளை மெஷின் லைனைக் கலக்கிவிட்டது. சிப் தடுமாறி விழுந்து எழுந்திருக்கிறது. எழுந்ததும் பிள்ளையார் சுழி. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தான். அதற்குள் ராஜு ஒரு பொன்னாடையைக் கொண்டுவந்து அவன் தோளில் போட்டு, "எங்க பையன் கையில அம்மாவே குடியிருக்கா" என்றார். திறந்த வாய் மூடிக்கொண்டது. அந்தச் செய்தி எங்கெங்கோ போயிற்று. பாகான் செராயிலிருந்து ஒரு கோயில், பாரிட் புந்தாரிலிருந்து ஒரு கோயில், எல்லோரும் தானாக அடிக்கிற மெஷின்தான் வேண்டும் என்றார்கள். கற்பூரம் காட்டிய பெட்டியைப் பிரித்து, 'இது கோளாறு' என்று எந்த வாயால் சொல்வான்? சொல்லவில்லை. பிரிக்கவும் இல்லை.

அந்த ராஜுதான் திடீரென்று இறந்துபோனார்.

ராஜுவும் சன்னாசியும் ஒரே லயத்தில் பிறந்து, ஒரே மண்ணில் பந்து விளையாடியவர்கள். ஆனால் சில வருஷம் முன்பு ஒரு கூட்டத்தில், கோயில் எண்ணெயைச் சன்னாசி வீட்டுக்குக் கொண்டுபோகிறார் என்று ராஜு எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். அது பொய் என்று பிறகு அவருக்கே தெரிந்தது. ஆனாலும் யார் முதலில் பேசுவது? இவர் வருவார் என்று அவர், அவர் வருவார் என்று இவர். அப்படியே போய்விட்டது காலம். ஒருவர் பெட்டிக்குள் போய்விட்டார்.

மகள் தினேஸ்வரி ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து சேர வேண்டும். அதுவரை உடல் இருக்க வேண்டும் என்று ஈப்போவிலிருந்து கண்ணாடி மூடிய குளிர்பெட்டி வாடகைக்கு வந்தது. வீட்டுக் கரண்டு தாங்காது என்று சாலைக்கு எதிரே இருக்கும் கோயில் மண்டபத்திலிருந்து ஒயர் இழுத்துக் குளிர்பெட்டிக்கும் பந்தலுக்கும் கொடுத்தார்கள். அந்த வரிசையில் நல்லது கெட்டது எதுவானாலும் கரண்டு கோயிலிலிருந்துதான் வரும். அது வழக்கம்.

எடுக்கிற அன்று காலை விக்னேஸ்வரன் போய்ச் சேர்ந்தபோது சன்னாசி கோயில் கதவருகே நின்றிருந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, சவரம் செய்த முகம்.

"டேய் விக்கி, இங்க வா. வந்து பாத்துக்க" என்று உள்ளே கூட்டிப்போனார். "தீட்டு பட்டன அமுக்கிட்டேன். செவப்பு எரியுதா?"

"எரியுது மாமா."

"மெஷினோட மெயின் சுவிட்சயும் அடைச்சிரவா? எனக்கு மனசு கேக்கலடா."

"ஐயோ, வேணாம் மாமா. மெயின அடைச்சா மெஷின் டைம மறந்துரும். அப்புறம் நான் மறுபடி வந்து செட் பண்ணணும்லா."

நேரத்தைக் காப்பாற்ற ஒரு பொத்தான் பேட்டரி வைத்திருந்தால் போதும், மெயினைத் தாராளமாக அடைக்கலாம். அதையும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டவன்தான் இவன். மறுபடி ஈப்போவிலிருந்து வர வேண்டுமே என்கிற சோம்பேறித்தனத்தில் வேண்டாம் என்றான். சன்னாசி மெயினைத் தொடவில்லை. கதவைப் பூட்டி, சாவிக் கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டார்.

"ராஜுகிட்ட பேசாமயே இருந்துட்டேன்டா" என்றார் நடந்துகொண்டே. "இனிமே என்னாத்தப் பேசறது. பெட்டிக்கு ஒரு தோள் குடுத்துட்டா எனக்குப் போதும். தலமாட்டுப் பக்கம். பவித்ரன்கிட்டகூட சொல்லிட்டேன், சரின்னுட்டான்." பவித்ரன் ராஜுவின் தம்பி. அண்ணனுக்காகச் சன்னாசியோடு அவனும் பேசாமல் இருந்தவன். அவனே சம்மதித்தது சன்னாசிக்குப் பெரிய விஷயம். கண் கலங்கியிருந்தது.

மதியம் தாண்டித் தினேஸ்வரி வந்தாள். காரை விட்டு இறங்கி, செருப்பைக் கூடக் கழற்றாமல் ஓடிவந்து குளிர்பெட்டியின் மேல் விழுந்து, "அப்பா, நான் வந்துட்டேம்பா" என்று கதறினாள். பந்தலே அழுதது. ராஜுவின் மனைவி கலாதேவி மகளைக் கட்டிக்கொண்டு மயங்கிச் சரிந்தாள்.

அப்போது அடித்தது மணி.

டங். டங். டங். அதைத் தொடர்ந்து மேளம். திருவிழாவுக்கு அடிக்கிற மாதிரி, கல்யாணத்துக்கு அடிக்கிற மாதிரி, சாலைக்கு எதிரே பூட்டிய கோயிலுக்குள்ளிருந்து ஜோராக. அழுதுகொண்டிருந்த வாயெல்லாம் அப்படியே நின்றது. சன்னாசி வேட்டியை மடித்துக்கொண்டு ஓடினார். பூட்டைத் திறந்து அவர் உள்ளே போவதற்குள் மேளம் தானே நின்றுவிட்டது. அவர் சாவியும் கையுமாக வெளியே வந்து நின்றதைத்தான் எல்லோரும் பார்த்தார்கள்.

பவித்ரன் பாய்ந்துபோய் அவர் சட்டையைப் பிடித்தான். "செத்த பெறகும் வஞ்சம் தீக்கிறியா? எங்கண்ணன் போனது ஒனக்குத் திருவிழாவா?"

"நான் இல்லப்பா. சாமி சத்தியமா நான் இல்ல. தீட்டு பட்டன அமுக்கிட்டுத்தான் சாத்துனேன். விக்கி பாத்தான், அவனக் கேளு!"

கூட்டம் முழுக்க விக்னேஸ்வரன் பக்கம் திரும்பியது. கோலா கங்சார் கோயில்காரர்கள் இரண்டு பேர் மாலையோடு வந்திருந்தார்கள். அவர்களுக்கும் மெஷின் செய்துகொண்டிருந்தான். அவர்களும் திரும்பினார்கள். "ஏன் விக்கி, மெஷின் தானா அடிக்குமா?" என்று பவித்ரன் கேட்டான்.

ஆடி வெள்ளி அன்று தானாக அடித்ததே, அது ஏன் யாருக்கும் ஞாபகம் வரவில்லை என்று கேட்கலாம். அது அம்மன் அடித்தது. அம்மன் செத்த வீட்டை அவமானப்படுத்துவாளா? ஆகவே இது ஆள் வேலை. ஊர்க்கணக்கு அப்படித்தான் ஓடியது.

"அதெல்லாம் தானா அடிக்காது" என்றான் விக்னேஸ்வரன். யோசித்துச் சொல்லவில்லை, வாய் சொல்லிவிட்டது.

"செவப்பு எரிஞ்சத நீ பாத்தியா இல்லியாடா?" என்றார் சன்னாசி.

"காலையில எரிஞ்சுது மாமா. அப்புறம் என்னா ஆச்சுன்னு எனக்குத் தெரியாது."

பொய்யா அது? ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. ஆனால் அதைவிட ஒரு பொய் சொல்லியிருந்தால்கூடத் தேவலாம். சாவி சன்னாசியிடம் மட்டும்தான் இருந்தது. காலையில் எரிந்த விளக்கை அப்புறம் யார் அணைத்திருப்பார்? கூட்டம் தானே கூட்டிக் கழித்துக்கொண்டது. சன்னாசி கொஞ்ச நேரம் விக்னேஸ்வரனையே பார்த்தார். பிறகு சாவிக் கொத்தை எடுத்து அவன் கையில் கொடுத்துவிட்டு, தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு தம் வீட்டைப் பார்த்து நடந்தார். "அண்ணன் பெட்டி மேல ஒன் கை படக் கூடாது, சொல்லிட்டேன்!" என்று அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து பவித்ரன் கத்தினான்.

கையில் சாவி இருந்ததால் விக்னேஸ்வரன் கோயிலுக்குப் போனான். பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிக்கொண்டு போனான். உண்மையில் அந்தக் கண்களிலிருந்து தப்பிக்கத்தான் போனான்.

மெஷின் பெட்டியில் சிவப்பு விளக்கு அணைந்திருந்தது. அமுக்கிப் பார்த்தான், எரிந்தது. மெஷின் மாட்டியிருந்த அதே பிளக்கிலிருந்து குளிர்பெட்டிக்கு ஒயர் போய்க்கொண்டிருந்தது. அதன் கம்ப்ரஸர் நிற்கும்போதெல்லாம் லைன் கலங்கும்; எல்லாத் தடவையும் சிப் விழாது, எப்போதாவது விழும். சுவரோடு சாய்ந்து காத்திருந்தான். சாலைக்கு எதிரே குளிர்பெட்டியின் கம்ப்ரஸர் 'டொக்' என்று நின்றது அங்கே வரை கேட்டது. சிவப்பு விளக்கு படக்கென்று அணைந்தது. அடுத்த நொடி மோட்டாருக்கு உயிர் வரப்போகிறது என்று அவனுக்குத் தெரியும். பாய்ந்து மெஷினின் மெயினை இழுத்தான். மணிக் கம்பி பாதி தூக்கியபடி நின்றது.

மூடியைக் கழற்றினான். கழற்றாமலே எல்லாம் தெரியும், இருந்தும் கழற்றினான். சிப்பின் காலடியில் ஒட்டவேண்டிய சின்ன கெபாசிட்டர் இல்லை. லைன் கலங்கும்போது அதுதான் சிப்புக்கு ஒரு வாய் தண்ணீர் கொடுத்துக் காப்பாற்றும். கரண்டு உள்ளே வருகிற இடத்தில் வடிகட்டி இல்லை. சிப்பை ரீசெட் செய்கிற ஒயர், மோட்டார் ஒயரோடு சேர்த்துப் பின்னிய சடைக்குள் நீளமாக ஓடியது. தீட்டு பட்டனை அமுக்கியதைச் சிப்பில் அழியாமல் எழுதிவைக்க இடம் இருக்கிறது, அதைப் புரோகிராமில் எழுதவில்லை. விழுந்து எழுந்தால் துக்கம் மறந்துபோகும், பிள்ளையார் சுழி மட்டும் மறக்காது. பினாங்கில் ஒருவன் இப்படி ஒரு போர்டைச் சோதனைக்குக் கொண்டுவந்திருந்தால் அவன் முகத்தில் எறிந்திருப்பான். கற்பூரக் கரி படிந்த அந்தப் பெட்டியைப் பார்க்கப் பார்க்க அவனுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

நேரம் இருந்தது. இதுதான் முக்கியம். பந்தலில் இன்னும் தேவாரம் முடியவில்லை. வாய்க்கரிசி போடவில்லை. சாலையைத் தாண்டி, "மெஷின்தான் கோளாறு, மாமா மேல தப்பில்ல" என்று ஒரு வார்த்தை சொன்னால் சன்னாசியைக் கூப்பிட்டுவிடலாம். இரண்டு வீடு தள்ளித்தான் அவர் வீடு.

வாசலுக்கு வந்தான். கோலா கங்சார்க்காரர் ஒருவர் அங்கே நின்றிருந்தார். "என்னா தம்பி, மெஷின் ஓக்கேதானே? நம்மளுது எப்ப வரும்?"

"ஓக்கே அண்ணே. அடுத்த வாரம் கொண்டாந்து மாட்டிரலாம்" என்றான் விக்னேஸ்வரன்.

ஐயோ, என்ன நாக்கு அது! சொன்ன பிறகு அவனுக்கே திக்கென்றது. சாவு வீட்டில் எதற்கு இன்னொரு குழப்பம், எல்லாம் முடிந்த பிறகு நிதானமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்பது அவனுக்குப் பழகிப்போன வார்த்தையாயிற்றே.

குளிர்பெட்டியிலிருந்து மரப்பெட்டிக்கு உடலை மாற்றினார்கள். வேன் சாலை முனையில் நின்றது. தூக்க ஆள் சேர்த்தபோது தலைமாட்டில் ஓர் இடம் காலியாக இருந்தது. பவித்ரன் சுற்றிப் பார்த்துவிட்டு, "விக்கி, நீ ஒயரமா இருக்க. வா, தோள் குடு" என்றான்.

மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? போனான். குனிந்தான். பெட்டி தோளில் ஏறியது. 'கோவிந்தா, கோவிந்தா' என்றார்கள். சன்னாசி வீட்டைத் தாண்டித்தான் வேனுக்குப் போக வேண்டும். விக்னேஸ்வரன் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. கழுத்து வலித்தது, பாரத்தால் இல்லை.

மின்சுடலைக்குப் போய் எல்லாம் முடிந்து, குளித்துவிட்டுப் பந்தலுக்குத் திரும்பினார்கள். வெயில் தாழ்ந்துவிட்டது. ஆளுக்கொரு தேத்தண்ணியோடு உட்கார்ந்திருந்தபோது விக்னேஸ்வரன் எழுந்து நின்று சொன்னான். மெஷின் தானாக அடித்தது, குளிர்பெட்டியும் அதுவும் ஒரே லைன், ஆடி வெள்ளி அன்றும் இதே கோளாறுதான், தப்பு தன்னுடையது என்று எல்லாவற்றையும் சொன்னான். எல்லோரும் தன்மேல் பாய்வார்கள் என்று எதிர்பார்த்தான். கோலா கங்சார்க்காரர்கள் எழுந்து போய்விடுவார்கள் என்று எதிர்பார்த்தான்.

ஒன்றும் நடக்கவில்லை. "மெஷின்னா அப்புடித்தான்லா" என்றார் ஒருவர். "ராஜு அண்ணே தானே அடிச்சுட்டுப் போயிருக்காரு" என்று இன்னொருவர் சொல்ல, அழுது வீங்கிய முகங்கள்கூடக் கொஞ்சம் சிரித்தன. கோலா கங்சார்க்காரர், "நம்மளுத நல்லாப் பாத்துச் செஞ்சிருங்க தம்பி" என்பதோடு விட்டார். இதற்குத்தானா அந்தப் பயம்? அவனுக்கு அது அடியைவிட மோசமாக இருந்தது.

கலாதேவிதான் சிரிக்கவில்லை. "பவித்ரா, போய் சன்னாசி அண்ணனக் கூட்டிக்கிட்டு வா. கால்ல விழுந்தாவது கூட்டிக்கிட்டு வா" என்றாள். பவித்ரன் போனான். கூடவே விக்னேஸ்வரனும் போனான்.

சன்னாசி வீட்டுக்குப் பின்புறம், துணி காயப்போடும் கம்பிக்குக் கீழே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். காலையில் போட்ட அதே வெள்ளைச் சட்டை. பவித்ரன் பிடித்து இழுத்ததில் மேல் பட்டன் போயிருந்தது. பவித்ரன் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். "தெரியாமப் பேசிட்டேன்ணே. மன்னிச்சிருங்கண்ணே. அண்ணி வரச் சொல்றாங்க."

"பரவால்லலா. அண்ணன் போன துக்கத்துல பேசுன. நீ போ, நான் வாரேன்" என்றார் சன்னாசி. அவன் முதுகைத் தட்டிக்கூடக் கொடுத்தார். பவித்ரன் மூக்கைத் துடைத்துக்கொண்டு போனான். விக்னேஸ்வரன் மட்டும் நின்றான். சாவிக் கொத்தை நீட்டினான். அவர் வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"எப்படா தெரிஞ்சுது ஒனக்கு?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை.

எல்லாம் முடிந்த பிறகுதான் மாமா என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். யாருக்கும் தெரியாது; கோயிலுக்குள் அவன் மட்டும்தான் இருந்தான். அந்த வார்த்தை வாய்வரை வந்தும்விட்டது. அதை விழுங்கினான்.

"பொட்டிய எடுக்கறதுக்கு முன்னாடியே மாமா."

சன்னாசி தலையை ஆட்டினார்.

"சன்னல் வழியாப் பாத்தேன்" என்றார். "என் எடத்துல நீ தூக்கிக்கிட்டுப் போன. சரி, எனக்குக் குடுத்து வைக்கல, நம்ப விக்கியாவது தூக்குறானேன்னு நெனச்சுக்கிட்டேன். அப்பவே ஒனக்குத் தெரியும், என்னா?"

"தெரியும் மாமா."

அதற்கு மேல் அவனால் நிற்க முடியவில்லை. கீழே உட்கார்ந்து அவர் காலைப் பிடித்துக்கொண்டான். நாற்பது வயதைத் தாண்டியவன், சின்னப் பிள்ளை மாதிரி விம்மினான். "ரெண்டு அறை விடுங்க மாமா. அறைஞ்சிருங்க. அப்பத்தான் எனக்கு ஆறும்."

சன்னாசி காலை மெதுவாக விடுவித்துக்கொண்டு எழுந்தார். போன பட்டனுக்குப் பதிலாகச் சட்டையை ஒரு கையால் கூட்டிப் பிடித்துக்கொண்டார்.

"அறைஞ்சா ஒனக்கு ஆறிரும்டா" என்றார். "ராஜுவ மறுபடி யாருடா தூக்கப் போறா?"

சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, கலாதேவியைப் பார்க்கப் பந்தலை நோக்கி நடந்தார்.